வயிற்றுக்கு ஐந்து நட்சத்திரம்

நலந்தரு மருத்துவமனையில் புது எண்டோஸ்கோப் வாங்குவதற்காகக் கூடிய கமிட்டியில் ஐந்து பேர் இருந்தார்கள். எண்டோஸ்கோப் என்பது வாய் வழியாக வயிற்றுக்குள் விடுகிற குழாய் என்ற அளவில் நான்கு பேருக்கு விஷயம் தெரியும். ஐந்தாவது ஆளான பிரகதி அந்த மருத்துவமனையின் கருவிகளுக்கெல்லாம் பொறுப்பான பயோமெடிக்கல் எஞ்சினியர். குழாயின் நுனியில் என்ன இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆகவே அவளைக் கதவோரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

நடுநாயகமாகச் சேர்மன் குழந்தைவேலு. பம்புசெட் விற்றுப் பெரிய ஆளானவர். மனிதர்களுக்குள்ளும் குழாய்களும் வால்வுகளும் இருக்கின்றன, அவையும் அடிக்கடி அடைத்துக்கொள்கின்றன என்ற உண்மை அறுபது வயதில் புலப்பட, மருத்துவமனை கட்டினார். பக்கத்தில் டாக்டர் ஜெபசிங். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருடமாகக் கோயம்புத்தூர் வயிறுகளுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர். மற்ற இருவரும் மேலாளர்கள். தலையாட்ட வந்தவர்கள்.

கம்பெனிக்காரன் விஷ்வேஷ் திரையில் இரண்டு படங்களைப் போட்டான். இரண்டும் ஒரே ஆளின் வயிறு. இடப்பக்கம் இருந்தது பழைய கேமரா எடுத்தது. ரவையைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாக, மங்கலாக, பார்த்தாலே ஏதோ வியாதி இருக்கும் போலத் தோன்றியது. வலப்பக்கம் இருந்தது 'தெள்விழி'. ரோஜா இதழில் பனி படர்ந்தது போல ஒரு வயிறு.

"அடேங்கப்பா!" என்றார் சேர்மன். "இது வயிறுங்களா, கல்யாண மண்டபமுங்களா?"

மேலாளர்கள் சிரித்தார்கள். பிரகதி கையைத் தூக்கினாள்.

"நுனியில இருக்கற சென்சார் எவ்வளவு பெருசுங்க?"

"எள்ளு அளவுதானுங்க மேடம்," என்றான் விஷ்வேஷ்.

"அதுல எத்தனை புள்ளி?"

"நானூறுக்கு நானூறு."

"திரையில?"

"நாலாயிரத்துக்கு ரெண்டாயிரம்!" அவன் பெருமையோடு சொன்னான்.

"அப்ப ஒரு புள்ளி நிஜம்னா, அம்பது புள்ளி வேற எங்கிருந்தோ வருது. எங்கிருந்துங்க வருது?"

"ஏம்மா," என்றார் சேர்மன், "வர்ற மகராசி எங்கிருந்து வந்தா என்ன?"

பிரகதிக்கு விளக்கம் சொல்வதென்றால் பசி தெரியாது. எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, மழை பெய்யறப்ப வாசல்ல டம்ளர் வெக்கற மாதிரிதானுங்க இது. வெளிச்சம்தான் மழை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு டம்ளர். வாசல் எள்ளு அளவு. அதுல அதிக டம்ளர் வெக்கணும்னா ஒவ்வொண்ணும் சின்னதாகணும். சின்ன டம்ளர்ல நாலு சொட்டுதான் விழும். அதான் பழைய படம் ரவை மாதிரி இருக்குது. சரி, விளக்கைப் பெருசு பண்ணலாம்னா, நுனி சூடாகி வயிறு வெந்துரும். நுனியைப் பெருசு பண்ணலாம்னா தொண்டைல இறங்காது. லென்ஸ், ரெண்டு விளக்கு, தண்ணி பீச்சற துளை, உறிஞ்சற துளை, எல்லாம் ஒரு சுண்டுவிரல் மொத்தத்துல அடங்கணும். இதுல ஒண்ணைக் கூட்டினா இன்னொண்ணு குறையும். எதுவுமே குறையாம இவ்வளவு தெளிவா எப்படின்னுதான் கேக்கறேன்."

"நம்ம பெட்டிக்குள்ள ஒரு நிரப்பி இருக்குதுங்க மேடம்," என்றான் விஷ்வேஷ். "லட்சக்கணக்கான வயித்தப் பாத்துப் படிச்சது. எங்கெல்லாம் புள்ளி பத்தலையோ, அங்க என்ன இருக்கணுமோ அதப் போட்டு நிரப்பிரும்."

"என்ன இருக்கணுமோ அதுவா? என்ன இருக்குதோ அதுவா?"

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் மதியச் சாப்பாட்டைத் திறந்துவிட்டார்கள். பிரியாணி வாசனை கதவிடுக்கு வழியாக வந்து கமிட்டியில் ஆறாவது உறுப்பினராக உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானம்மா," என்றார் சேர்மன் எழுந்துகொண்டே. "நல்லதையே நினைப்போம்."

பிரகதியும் கையெழுத்துப் போட்டாள். தண்ணீர் புகாது, நுனி சுடாது, சுலபமாக வளையும், மூன்று மில்லிமீட்டரிலிருந்து ஒரு சாண் தூரம் வரை எல்லாம் துல்லியமாகத் தெரியும். கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர மற்றதற்கெல்லாம் பதில் கிடைத்தாயிற்று. போதாததற்கு, பத்து வருடமாக ரவைப் படங்களோடு மாரடித்தவளை அந்த ரோஜா இதழ் கொஞ்சம் மயக்கியும் விட்டது. பழையதைக் கொடுத்தால் புதியதில் தள்ளுபடி என்றான் விஷ்வேஷ். பழையவை அத்தனையும் வண்டியேறின. 'வாடிக்கையாளர் கருத்திலிருந்து தானாகக் கற்றுக்கொள்ளட்டுமா?' என்று பெட்டி கேட்டது. ஆம் என்றால் வாரண்டி இரண்டு வருடம் கூடும். ஆம் என்றாள்.

தெள்விழி வந்ததும் மருத்துவமனையின் யோகம் மாறியது. சோதனை முடிந்தவர்களுக்கு அவர்கள் வயிற்றின் வீடியோவை வீணை இசையோடு செல்பேசிக்கு அனுப்பினார்கள். ஜனங்கள் அதைக் குடும்பக் குழுக்களில் போட்டார்கள். "மச்சான் வயித்தப் பாரு, பளிங்கு மாதிரி" என்று சம்பந்திகள் பொறாமைப்பட்டு, தங்களுக்கும் ஒன்று எடுக்க வந்தார்கள். டிஸ்சார்ஜ் கவுண்டரில் ஒரு பெண் டேப்லெட்டை நீட்டி, "படம் எப்படிங்க இருந்துச்சு? அஞ்சு ஸ்டார் குடுத்துருங்க சார், இல்லாட்டி மேனேஜர் என்னைத் திட்டுவாரு" என்பாள். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரு பெண்பிள்ளையைத் திட்டு வாங்க விடுவார்களா? அஞ்சு கொடுத்தார்கள். உள்ளே புண் இருக்கிறது, கட்டி இருக்கிறது என்று கேட்டு அழுதுகொண்டு போனவர்கள் மட்டும் ஒன்று கொடுத்தார்கள். சிலர் அதுவும் கொடுக்காமல் டேப்லெட்டைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஒரு வருடத்தில் ஊரில் வயிற்றுப் புண் வெகுவாகக் குறைந்தது. சிறுதானியமும் நடைப்பயிற்சியும்தான் காரணம் என்று சேர்மன் பேட்டி கொடுத்தார். மற்ற ஆஸ்பத்திரிகளும் அவசர அவசரமாகத் தெள்விழி வாங்கின. அங்கேயும் புண்கள் குறைந்தன.

பிரகதியின் கணவன் நவநீதனுக்கு மட்டும் வயிறு வலித்தது.

அவனுக்குக் கணபதிப் பகுதியில் ஒரு சோதனைக்கூடம். ஃபவுண்டரிகளில் வார்த்த பம்பு உடல்களுக்குள் கேமராக் குழாயை விட்டு, உள்ளே குழி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் தொழில். அடுத்தவர் வார்ப்பில் கடுகளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புச் சாக்பீஸில் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவான். தன் வயிறு என்று வரும்போது அந்த வசதி இல்லை.

முதல் தடவை எண்டோஸ்கோப் விட்டுப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை வேறு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். அங்கேயும் தெள்விழி. அங்கேயும் ரோஜா இதழ். அதற்குள் நவநீதனின் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது.

"மாமா, உங்க வயிறு மாதிரி ஒரு வயிறு இந்த ஜில்லாவுலயே கிடையாது," என்றாள் பிரகதி. "டாக்டர் அதை மத்தவங்களுக்கு எடுத்துக் காட்டறாரு."

"வலிக்குதே புள்ள."

"டென்ஷன். சும்மா அதையே நினைச்சுட்டு இருந்தா வலிக்கத்தான் செய்யும்."

"இரும்பா இருந்தாலாவது பரவால்ல, திரும்ப உருக்கி வாத்துருவாங்க," என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

அவனை நம்பாமல் போனது கல்நெஞ்சால் அல்ல. அவள் கேள்வி கேட்டு, சோதித்து, கையெழுத்துப் போட்டு வாங்கிய கேமரா ஒரு பக்கம். சாப்பிடும்போது முகம் சுளிக்கும் புருஷன் ஒரு பக்கம். இரண்டில் எதற்கு வாரண்டி இருக்கிறது?

மூன்றாவது தடவை டாக்டர் ஜெபசிங் கொஞ்சம் சலிப்போடுதான் செய்தார். நடுவில் உறிஞ்சும் துளை அடைத்துக்கொண்டது. "சளி போல," என்று தண்ணீர் பீச்சினார். திரையில் சளி எதுவும் இல்லை. இளஞ்சிவப்பு மடிப்புகள் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தன. "அற்புதமான வயிறுல்லா!" என்று முடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் காரை ஓட்டியவள் பிரகதி. நவநீதன் தொண்டை மரத்துப்போன குரலில் சொன்னான்: "திட்டாத புள்ள. காலைல பசி தாங்கல. கிளம்பறதுக்கு முன்னால ரெண்டு இட்லி தின்னுட்டேன்."

"அறிவிருக்குதா? வெறும் வயித்தோட வரணும்னு எத்தனை தடவை சொன்னேன்? குழாய் விடும்போது வாந்தி வந்து மூச்சுக்குழல்ல ஏறியிருந்தா…"

அவள் பாதியில் நிறுத்தினாள். காரையும் நிறுத்தினாள். பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனிலேயே அவளுடைய வம்சத்தைத் திட்டிவிட்டுப் போனது.

"இட்லி எங்க மாமா?"

"வயித்துலதான்."

"படத்துல எங்க?"

மறுநாள் காலை, நோயாளிகள் வருமுன்பே டாக்டர் ஜெபசிங்கை எண்டோஸ்கோப் அறைக்கு அழைத்தாள். மேஜையில் அவளுடைய டிபன் பாக்ஸ் இருந்தது. உள்ளே எலுமிச்சை சாதம்.

"காலைலயே சாப்பாடா?" என்றார் டாக்டர்.

"உங்களுக்கில்ல சார். அதுக்கு." கையிலிருந்த குழாயைக் காட்டினாள். சோதனைக்கென்று வைத்திருந்த குழாய் அது. மூடியைக் கொஞ்சமாகத் திறந்து நுனியை உள்ளே விட்டாள். திரை ஒரு நொடி மஞ்சளாகக் கலங்கியது. அப்புறம் தெளிந்தது. ரோஜா இதழ். பனித்துளி. இளஞ்சிவப்பு மடிப்புகள். அவள் நுனியைச் சாதத்துக்குள் புதைத்தாள். மடிப்புகள் அழகாக அசைந்தன. 'வயிற்றின் கீழ்ப்பகுதி: இயல்பு' என்று ஓரத்தில் எழுத்து வந்தது.

டாக்டர் டிபன் பாக்ஸைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

"இதுக்கு அல்சர் இல்லைங்கிற வரைக்கும் சந்தோசம்," என்றார். ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

பிரகதி விஷ்வேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மேடம், அதுல ஃபால்ட்டே கிடையாதுங்க," என்றான் அவன். "போன வருஷத்தவிட இப்ப இன்னும் முன்னேறியிருக்குது. வாராவாரம் கத்துக்குதுல்லீங்க?"

"எதுலருந்து கத்துக்குது?"

"ஸ்டார்லருந்துதானுங்க. ஜனங்களுக்குப் புடிச்ச படம் எது, புடிக்காதது எதுன்னு அதுக்குத் தெரியணுமில்லீங்களா? அஞ்சு வாங்கின மாதிரி இன்னும் போடும். ஒண்ணு வாங்கின மாதிரி படத்தத் தவிர்த்துக்கும்."

"விஷ்வேஷ், வயித்துப் படத்துக்கு ஒரு ஸ்டார் யாரு குடுப்பாங்க?"

"அது வந்துங்க மேடம்…" என்று அவன் இழுத்தான்.

"புண்ணு தெரிஞ்ச படத்துக்குத்தானே குடுப்பாங்க?" என்றாள் பிரகதி. "அது புண்ணக் காட்டினப்பெல்லாம் நாம திட்டியிருக்கோம். மறைச்சப்பெல்லாம் கொஞ்சியிருக்கோம். அது நல்ல புள்ள, சொன்னபடி கேட்டுக்கிச்சு."

"மேடம், நான் சேல்ஸ் மட்டும்தானுங்க," என்று அவன் போனை வைத்தான்.

டாக்டர் எழுந்து திரையை அணைத்தார். பிறகு, "ஒரு வருசமா நான் வயிறு பாக்கலம்மா," என்றார். "டிவில்லா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

அவளுக்கு அந்த ஒரு வருடத்தில் பார்த்த நாலாயிரம் வயிறுகளைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. முதலில் ஒரு வயிறு. அதற்கு மறைக்காமல் காட்டும் கேமரா ஒன்று வேண்டும். பழையவை எல்லாம் தள்ளுபடிக்குப் போய்விட்டன. வெளியூரில் தேடிப் போகலாம் என்றால், தெள்விழி எந்த ஊரை விட்டு வைத்திருக்கிறது? வாரக் கணக்கில் தேட வேண்டும். கம்பெனியிடம் நிரப்பியை நிறுத்தச் சொன்னால், 'அழகைக் குறைக்கும் வசதி எங்கள் கருவியில் இல்லை' என்று பதில் வந்தது.

விஷயத்தைக் கேட்டதும் நவநீதன்தான் சொன்னான். "எங்கிட்ட இருக்கறதும் அதே கம்பெனி மாடல்தான புள்ள?"

"உங்களுது பம்புக்குள்ள விடறது மாமா. கிருமி நீக்க முடியாது. நுனி வெச்ச இடத்துல சுடும். அந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் மனுஷ உடம்புக்குள்ள போகக் கூடாது."

"குழாய யாரு கேட்டா? பெட்டிய எடுத்துக்க. என் பெட்டில நிரப்பி கிரப்பி எல்லாம் கிடையாது. பம்பு வாங்கற ஜெர்மனிக்காரன் ஆர்டர்லயே எழுதிருவான், படம் எந்தப் பூச்சும் இல்லாம பச்சையா வேணும்னு. இரும்புக்கு ஸ்டார் போடத் தெரியாதே!"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பெனிக்குச் சிக்கனம் அதிகம். மனித வயிற்றுக்கும் பம்புக்கும் ஒரே சென்சார், ஒரே பிளக். பொய்யெல்லாம் பெட்டிக்குள்தான் நடக்கிறது. எள்ளளவு சென்சார் பார்த்ததை ஒளிக்காமல்தான் அனுப்புகிறது. சுத்தமான ஆஸ்பத்திரிக் குழாயை அழுக்குப் பம்புப் பெட்டியில் செருகினால் போதும். ஊர் வயிற்றுக்குக் கிடைக்காத மரியாதை பம்புக்குக் கிடைத்திருந்தது.

ஃபவுண்டரித் தூசியைத் துடைத்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பெட்டியை அறைக்குள் கொண்டுவந்தாள். கரண்ட்டில் செருகாமல் பேட்டரியில் ஓட்டினாள். படம் தெளிவாக வந்து ஆளுக்கு ஷாக் அடித்தால் பயனில்லை. இந்தத் தடவை நவநீதன் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. வாயில் பிளாஸ்டிக் வளையத்தைக் கடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்து, திரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

திரையில் ரவை கொட்டியது. மங்கல், புள்ளி, ஓரமெல்லாம் இருட்டு. ஒரு வருடமாக ரோஜா பார்த்துப் பழகிய டாக்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். போதாக்குறைக்கு அந்தப் பெட்டிக்கு வயிறென்றால் என்னவென்றே தெரியாது. அது பாட்டுக்குத் தன் தொழிலைச் செய்தது. 'உள்சுவர்: சொரசொரப்பு அதிகம்' என்றது. 'கசிவு: உண்டு' என்றது.

"இதக் கொஞ்சம் வாய மூடச் சொல்லும்மா," என்றார் டாக்டர்.

குழாய் இறங்கி, வளைந்து, வயிற்றின் கடைசி மூலைக்கு வந்தது. அங்கே ஓர் இடத்தில் மடிப்புகள் ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்கி இழுபட்டிருந்தன. நடுவில் ஒரு பள்ளம். பெட்டி அதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டது. 'குழி: ஏழு மில்லிமீட்டர். வார்ப்பு தள்ளுபடி.'

வாயில் வளையத்தோடு நவநீதன் எப்படிப் பேசுவான்? வலது கையை மெல்லத் தூக்கி, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

"அசையாதேயும் தம்பி," என்றார் டாக்டர். "சதை எடுக்கணும். சிஸ்டர், இடுக்கி."

பிரகதி அவன் உயர்த்திய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறது என்று அவன் சொன்னபோதெல்லாம் அவள் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக அவள் காதுக்குள் ஓடின. அவற்றை அழகாக்கிக் காட்டும் கருவி எதுவும் இன்னும் வரவில்லை.

புற்றுதான். ஆரம்பம்தான். வயிற்றைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகவே சீவி எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். பம்புப் பெட்டியை வைத்துக்கொண்டே எடுத்தும் விட்டார். முடியும்போது பெட்டி, 'பழுது நீக்கப்பட்டது, மறு ஆய்வு தேவை' என்றது. அதை டாக்டர் மறுக்கவில்லை. இன்னும் ஆறு மாதம் கழித்திருந்தால் கதை வேறு என்று மட்டும் சொன்னார்.

சேர்மன் கூட்டம் போட்டார்.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணுமுங்க ஐயா," என்றாள் பிரகதி. "இந்த ஒரு வருஷத்துல பாத்த எல்லாரையும். யார் வயித்துல என்ன இருக்குதுன்னு நமக்குத் தெரியாது."

"எதுக்கு? ஊரே சந்தோஷமா இருக்குது," என்றார் சேர்மன். "நல்லா இருக்கறவனக் கூப்பிட்டு, உனக்கு நல்லா இல்லாமயும் இருக்கலாம்னு சொல்லச் சொல்றியா? ஆஸ்பத்திரி பேரு என்னாகறது? அத விடு, ஆபரேசன் பண்ற இடத்துக்குள்ள லேத்துப் பட்டறைப் பெட்டியக் கொண்டாந்தது யாரு? உன் வீட்டுக்காரருக்குச் சரியாயிருச்சு, சந்தோஷம். அந்தப் பெட்டி நாளைக்கு இங்க இருக்கக் கூடாது. யாரையும் கூப்பிடக் கூடாது. தெள்விழிதான் நம்ம கௌரவம்."

மேலாளர்கள் தலையாட்டினார்கள்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் பிரகதி பெட்டியை எடுக்க வந்தாள். டாக்டர் ஜெபசிங் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை போல. அவள் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, துணி வெளுக்கும் பக்கத்துப் பின்படி வழியாகச் சேர்மன் வந்தார். கூட யாரும் இல்லை.

"எடுத்துட்டுத்தானுங்க ஐயா இருக்கேன்," என்றாள் அவள்.

"எடுக்கலாம், எடுக்கலாம். என்ன அவசரம்?" கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "என்னோட வீடியோவ நீ பாத்திருக்கியா? தெள்விழில எடுத்தது. அவ்வளவு லட்சணமா இருந்துச்சு."

"பாத்திருக்கேனுங்க."

"ரெண்டு மாசமா இங்க ஒரு எரிச்சல்." நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினார். "ஒண்ணும் இருக்காது. டென்ஷனா இருக்கும்."

டாக்டர் எழுந்து கையுறைகளை எடுத்தார். பிரகதி ஒயரைச் சுற்றுவதை நிறுத்தினாள். ஆனால் குழாயின் பிளக்கைப் பெட்டியில் செருகவில்லை.

"ஐயா, மத்தவங்கள?"

சேர்மன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வாய்க்குள் கையை விட்டுப் பல்செட்டைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றி மேஜை மேல் வைத்தார். திரும்பியபோது, பேட்டிகளில் பார்த்த முகம் பாதியாக ஒடுங்கியிருந்தது.

"கூப்பிடலாம்மா," என்றார். பல்லில்லாத வாயில் அந்தக் குரல் வரிசையில் நிற்கும் எந்த நோயாளியின் குரல் போலவும் இருந்தது. "என்னைப் பாத்து முடிச்சதும் கூப்பிடலாம்."

பிரகதி பிளக்கைச் செருகினாள். திரையில் ரவை கொட்டியது. அவர் இடப்பக்கம் ஒருக்களித்து, திரைக்கு நேராக முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டார்.